"ஆன் யுவர் லெஃப்ட்" போதுமா? டிரெயில் கிராஸிங்கில் சைக்கிள்காரர் நடந்துகொள்ள வேண்டிய விதம்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு கியர் பத்தியோ டயர் பத்தியோ பேசப் போறதில்லை. நடக்கிறவங்களும் சைக்கிள்ல போறவங்களும் சேர்ந்து பயன்படுத்துற ஒரு பாதை, ஒரு ரோட்டைக் கடக்கிற இடம். அந்த இடத்துல சைக்கிள்ல வர்ற நாம எப்படி நடந்துக்கணும்? அதுதான் தலைப்பு. கேட்க ரொம்பச் சின்ன விஷயமாத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன ஜூன் மாசம் அப்பா இங்க வர்ற வரைக்கும்.

நான் இருக்கிறது அமெரிக்காவில், வடக்கு வர்ஜீனியாவில், ஆஷ்பர்ன் பக்கம். இங்க இருக்கிறவங்களுக்கு டபிள்யூ அண்ட் ஓடி டிரெயிலை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன்னு ஒரு ரயில் பாதை இருந்தது. 1968ல ரயில் நின்னு போச்சு. தண்டவாளத்தைப் பிடுங்கின அந்தத் தடத்துலதான் இப்போ தார் போட்ட பாதை இருக்கு. ஷர்லிங்டன்ல ஆரம்பிச்சு, வியன்னா, ரெஸ்டன், ஹெர்ண்டன், ஸ்டெர்லிங், ஆஷ்பர்ன், லீஸ்பர்க் வழியா பர்சல்வில் வரைக்கும் 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். 1988ல முழுசா முடிஞ்சது.

இது ரயில் பாதையா இருந்ததுங்கிறதை மனசுல வெச்சுக்கங்க, ஏன்னா பாதிப் பிரச்சினைக்கு அதுதான் காரணம். ரயிலுக்காகப் போட்ட தடத்தில் ஏற்றம் இறக்கம் குறைவு, வளைவும் குறைவு. சைக்கிளில் ஒரு தடவை வேகம் எடுத்துவிட்டால் அதைக் குறைக்க மனசே வராது. அந்தக் காலத்தில் கிராஸிங்கில் ரயிலுக்காக ரோடு காத்திருந்தது. இன்றைக்கு ரோட்டுக்காகப் பாதை காத்திருக்கிறது. பல கிராஸிங்குகளில் நம் பக்கம் பார்த்து ஒரு சின்ன ஸ்டாப் போர்டு இருக்கும். சில இடங்களில் பழைய தடம் ரோட்டை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டும். அங்கே ஒரு பக்கம் வரும் காரைப் பார்க்க, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சரி, அப்பா கதைக்கு வர்றேன்.

அப்பாவுக்கு 66 வயசு. கும்பகோணம். முப்பது வருஷம் ஆபீஸுக்கு சைக்கிள்லயே போய் வந்தவர். இங்க வந்த ரெண்டாவது நாளே அவருக்கு இந்த டிரெயில் பிடிச்சுப் போச்சு. கோடையில ஆஷ்பர்ன் பக்கம் காலைல போனீங்கன்னா உங்களுக்கே தெரியும், ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாக்கள் கூட்டம் ஒண்ணு நடந்துட்டிருக்கும். புடவைக்குக் கீழ ஸ்போர்ட்ஸ் ஷூ, தலைல பேரனோட தொப்பி. அப்பாவும் அதுல சேர்ந்துட்டார். நான் அவருக்கு ஒரே ஒரு விதிதான் சொல்லிக் கொடுத்தேன்: "அப்பா, இங்க எல்லாமே வலது பக்கம். வலது ஓரமா நடங்க, போதும்."

அது போதவில்லை.

ஒரு சனிக்கிழமை காலைல எட்டு மணி இருக்கும். நான் கிராஸிங்கைத் தாண்டி அந்தப் பக்கம் சைக்கிளோட நின்னு அவருக்காகக் காத்திருந்தேன். அவர் ரோட்டுக்கு ஒரு இருபது மீட்டர் முன்னாடி, ஒழுங்கா வலது ஓரத்துல வந்துட்டிருந்தார். அவருக்குப் பின்னால ஒருத்தர் நல்ல வேகத்துல சைக்கிள்ல வர்றார். ரோட்டுல அப்போ கார் இல்லாத ஒரு இடைவெளி. அதுக்குள்ள கடந்துடலாம்னு அவர் கணக்கு. அது எனக்கு நல்லாவே தெரியும், நானும் அதே கணக்கைத் தினமும் போடுறவன். "ஆன் யுவர் லெஃப்ட்!"னு ஒரு குரல் கொடுத்தார். அப்பா சட்டுனு இடது பக்கம் நகர்ந்தார்.

ஹேண்டில்பார் முழங்கையில மாட்டி அப்பா கீழ விழுந்தார். சைக்கிள் ஆடிக்கிட்டே போய் ரோட்டு விளிம்புல நின்னது. ஒரு கார் கிறீச்சுனு பிரேக் போட்டது. அப்பாவோட இடது மணிக்கட்டுல ஒரு கீறல் முறிவு, ஆறு வாரம் கட்டு. விசிட்டர் இன்ஷூரன்ஸ்ல எது கவர் ஆகும், எது ஆகாதுங்கிற படிப்பு எனக்குத் தனியா கிடைச்சது. அதை இன்னொரு எபிசோட்ல பேசலாம்.

அந்த சைக்கிள்காரர் ஓடி வந்து தூக்கினார், மன்னிப்புக் கேட்டார், நாங்க கிளம்புற வரைக்கும் கூடவே இருந்தார். ஆனா திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "நான் குரல் கொடுத்தேனே." உண்மைதான், கொடுத்தார். வர்ஜீனியா சட்டமே அதைத்தான் கேட்குது. பொதுப் பாதையில நடக்கிறவரை முந்துறதுக்கு முன்னாடி சைக்கிள்காரர் காதுல கேட்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுக்கணும். அதே சட்டம் அதுக்கு முன்னாடியே இன்னொண்ணும் சொல்லுது: நடக்கிறவருக்கு வழி விடணும். நாம எல்லாரும் இந்த ரெண்டாவதை மறந்துட்டு, குரல் கொடுத்ததோட நம்ம கடமை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம்.

அப்பா ஏன் இடது பக்கம் போனார்? இதை நான் ரொம்ப நாள் யோசிச்சேன். இந்தியாவில் வண்டி இடது பக்கம் ஓடுகிறது, முந்துகிறவர் வலது பக்கமாக முந்துவார். ஆகவே பின்னால் ஹாரன் கேட்டால் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். அறுபது வருடம் உடம்பில் ஊறிப்போன விஷயம் அது. இதற்கு மேல், "ஆன் யுவர் லெஃப்ட்" என்ற வாக்கியத்தில் காதில் தெளிவாக விழுவது கடைசிச் சொல் மட்டும்தான். "உங்கள் இடது பக்கமாக நான் வருகிறேன்" என்பது சொல்பவரின் அர்த்தம். "இடது பக்கம் போ" என்பது கேட்பவரின் அர்த்தம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த சின்னப் பிள்ளைகளும் இதே தப்பைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா இதை என்னைவிடச் சுருக்கமாச் சொன்னார்: "மணி அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்டா. இங்கிலீஷ்ல திசை சொன்னா யோசிக்க வேண்டியிருக்கு."

நியாயமான பேச்சு. சைக்கிள் மணிக்கு மொழி கிடையாது. என் சைக்கிள்ல ரெண்டு வருஷமா மணியே இல்லை. எடை கூடும்னு வாங்கும்போதே வேண்டாம்னு சொன்னவன் நான். அது அம்பது கிராம்கூட இருக்காது.

இப்போ கொஞ்சம் கணக்குக்குப் போகலாம். பயப்படாதீங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்தான்.

டிரெயிலில் சாதாரணமாக ஓட்டுகிறவர் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 6.7 மீட்டர். எதிரில் ஒன்றைப் பார்த்து, புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆகும் என்றால், அதற்குள்ளேயே 10 மீட்டர் போய்விடுகிறது. காய்ந்த தாரில் சுமாரான பிரேக் பிடித்து நிற்க இன்னொரு ஐந்தரை மீட்டர். மொத்தம் பதினைந்து, பதினாறு மீட்டர், அதாவது மூன்று கார் நீளத்துக்கு மேல். அதே ஆள் மணிக்கு 10 கிலோமீட்டரில் வந்தால் மொத்தமே 5 மீட்டரில் நின்றுவிடலாம். மோட்டார் உதவியோட 32ல வர்ற எலக்ட்ரிக் சைக்கிள் நண்பர்களே, உங்களுக்கு 23 மீட்டர்.

இப்போ நடக்கிறவர் பக்கம் இருந்து பாருங்க. நாம் பெரும்பாலும் ஐந்து மீட்டர் பின்னால் வந்த பிறகுதான் குரல் கொடுக்கிறோம். அவர் நடக்கும் வேகத்தைக் கழித்தால், அவரை நெருங்கும் வேகம் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். ஆக அவருக்குக் கிடைப்பது ஒரு விநாடிகூட இல்லை. அதற்குள் கேட்டு, புரிந்து, எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, நகர வேண்டும். மணியோ குரலோ, இருபது மீட்டருக்கு முன்னால் கொடுத்தால்தான் அதற்குப் பெயர் எச்சரிக்கை. ஐந்து மீட்டரில் கொடுப்பது வெறும் அதிர்ச்சி வைத்தியம்.

மூன்றாவதாக, கார் ஓட்டுகிறவர். என்னைப் பொறுத்தவரை கிராஸிங் விஷயத்தில் இதுதான் முக்கியமான கணக்கு. கிராஸிங்கை நெருங்கும் டிரைவர் எங்கே பார்ப்பார்? ரோட்டு ஓரத்தில் யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்ப்பார். நடக்கிறவர் மூன்று விநாடியில் மூன்றரை, நான்கு மீட்டர் வருவார். அதனால் மூன்று விநாடி கழித்து ரோட்டில் கால் வைக்கப்போகிற ஆள் இப்போதே அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பார். 24ல் வருகிற சைக்கிள்காரர் மூன்று விநாடியில் 20 மீட்டர் வருவார். ஆக, டிரைவர் பார்க்கும் நேரத்தில் நாம் இருபது மீட்டர் உள்ளே, மரத்துக்கும் புதருக்கும் பின்னால் இருக்கிறோம். அவர் பார்த்தார், யாரும் இல்லை, வந்துவிட்டார். மணிக்கு 35 மைலில் வரும் கார் நிற்க, ரியாக்‌ஷன் நேரத்தையும் சேர்த்துச் சுமார் 40 மீட்டர் வேண்டும். "கண்ணு தெரியலையா"ன்னு அப்புறம் நாம கத்துறோம். கண்ணு தெரியும், நாமதான் அங்க இல்லை.

கிராஸ்வாக் என்பது நடக்கும் வேகத்துக்காக வரைந்த கோடு. வர்ஜீனியாவில் கிராஸ்வாக்கில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு நடக்கிறவரின் உரிமைகளும் கடமைகளும் அப்படியே உண்டு. உரிமை: 2020ல் இருந்து, கடக்கிறவருக்கு டிரைவர் வேகம் குறைத்தால் மட்டும் போதாது, நிறுத்தியே ஆக வேண்டும். கடமை: வருகிற வண்டியைப் பொருட்படுத்தாமல் உள்ளே இறங்கக் கூடாது. நடக்கிறவரின் உரிமை வேண்டுமானால் நடக்கிறவர் வேகத்தில்தான் வர வேண்டும். இது சட்டத்தில் எழுதியிருக்கும் வாசகம் இல்லை, மேலே போட்ட கணக்கில் இருந்து நான் எடுத்த முடிவு. ஸ்டாப் போர்டு இருக்கிற இடத்தில் நிற்க வேண்டும், அதில் வாதமே கிடையாது. போர்டு இல்லாத இடத்தில்கூட, ஒரு மீட்டரில் நின்றுவிடக்கூடிய வேகத்துக்கு வந்த பிறகுதான் ரோட்டில் டயர் படணும்.

அடுத்தது, கை காட்டுற பிரச்சினை. வடக்கு வர்ஜீனியாவுல சைக்கிள் ஓட்டுற எல்லாருக்கும் இது தெரியும். நமக்கு ஸ்டாப் போர்டு, அதனால நாம நிக்கிறோம். நாம நிக்கிறதைப் பார்த்து டிரைவரும் நிறுத்துறார். அவர் "நீ போ"ங்கிறார், நாம "நீங்க போங்க"ங்கிறோம். நம்ம தொழில்ல இதுக்கு டெட்லாக்னு பேர். கடைசியில ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்புவோம். அதுதான் இருக்கிறதுலயே மோசமான முடிவு.

இரண்டு லேன் ரோட்டில் இது வெறும் சங்கடம். நான்கு லேன் ரோட்டில் ஆளைக் கொல்லும். ஓர வரிசையில் வரும் கார் நல்ல மனதோடு நிறுத்தி நமக்குக் கை காட்டுகிறது. அந்தக் காரே அடுத்த வரிசையை நம்மிடம் இருந்து மறைக்கிறது, அடுத்த வரிசையில் வருகிறவரிடம் இருந்து நம்மையும் மறைக்கிறது. போக்குவரத்துப் பொறியாளர்கள் இதை 'மல்டிபிள் த்ரெட்' என்று சொல்வார்கள். கிராஸ்வாக்கில் நின்றிருக்கும் காரைப் பக்கத்து லேனில் இருந்து தாண்டிப் போவதும் இங்கே சட்டப்படி குற்றம்தான். ஆனால் தாண்டுகிறவருக்கு அந்தக் கார் ஏன் நிற்கிறது என்றே தெரியாது. நமக்குக் கை காட்டியவர் அவருடைய லேனுக்கு மட்டும்தான் உத்தரவாதம் தர முடியும். அதனால் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, அவர் காரின் முன் விளிம்பு வரை மெதுவாக வந்து, அங்கே மறுபடி நின்று எட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

கை காட்டினவர்கிட்ட டெட்லாக்கை எப்படி உடைக்கிறது? நான் போக விரும்பலைன்னா காலைத் தரையில ஊன்றி, சீட்டை விட்டு இறங்கி நின்னுடுவேன். ஒரு கால் பெடல்ல, உடம்பு முன்னாடி சாஞ்சபடி நின்னா, "இதோ கிளம்புறான்"னுதான் அவர் படிப்பார். வாயால சொல்றதைவிட காலால சொல்றது தெளிவா இருக்கு.

இன்னொரு கெட்ட பழக்கம், குழுவா ஓட்டும்போது. முன்னாடி போறவர் ரெண்டு பக்கமும் பார்த்துட்டு "க்ளியர்!"னு கத்துவார். பின்னாடி வர்ற ஆறு பேரும் தலையைக்கூடத் திருப்பாம கடப்பாங்க. முதல் ஆளுக்கு க்ளியரா இருந்த ரோடு, நாலு விநாடி கழிச்சு வர்ற ஆறாவது ஆளுக்கு க்ளியர்னு யார் சொன்னது? எங்க சனிக்கிழமைக் குழுவுல இப்போ "கார் வருது"ன்னு மட்டும்தான் சொல்லலாம். "க்ளியர்" சொன்னா அன்னைக்குக் காபி அவர் செலவு.

நிற்கிற இடத்தைப் பற்றியும் சொல்லணும். கிராஸிங்கில் நின்று போன் எடுத்துப் பார்ப்பது, பாட்டில் திறப்பது, நண்பருக்காகக் காத்திருப்பது எல்லாம் பாதையின் நடுவில்தான் நடக்கும். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர் நம்மைச் சுற்றிக்கொண்டு எதிர்த் திசைக்குப் போக வேண்டியிருக்கிறது. புல்லில் இறங்கி நின்றால் பிரச்சினையே இல்லை. ஏற்கெனவே நாலு பேர் காத்திருந்தால் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பக்கவாட்டில் நுழைந்து முன்வரிசைக்கு வரக் கூடாது. கிராஸ்வாக்குக்குள் யாரையும் முந்தக் கூடாது. ஊர்ல ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ரெண்டு பக்கமும் ரோடு முழுக்க அடைச்சு நின்னுட்டு, கேட் திறந்ததும் யாருமே நகர முடியாம இருப்போமே, அதே காட்சியை இங்க சைக்கிள் வெச்சு பண்ணிட்டிருக்கோம்.

குதிரை. சிரிக்காதீங்க. டபிள்யூ அண்ட் ஓடி பக்கத்துல 32 மைலுக்குச் சரளைக்கல் குதிரைப் பாதையும் ஓடுது, கிராஸிங்ல குதிரையும் வரும். நான் மணியைப் புகழ்ந்து பேசினதுக்கு இது ஒரு விதிவிலக்கு. குதிரைக்குப் பின்னால மணி அடிக்காதீங்க. தூரத்துலயே மெதுவாக்கி, சாதாரணக் குரல்ல சவாரி பண்றவர்கிட்ட பேசுங்க. மனுஷக் குரல் கேட்டா அது பயப்படாது.

ஊரில் இருந்து பெரியவர்கள் வந்திருந்தால், அவர்களுக்கு நான் செய்யத் தவறிய இரண்டு விஷயங்களை நீங்கள் செய்யுங்கள். ஒன்று, பின்னால் சத்தம் கேட்டால் எந்தப் பக்கமும் நகர வேண்டாம், போகிற நேர்கோட்டிலேயே போகச் சொல்லுங்கள். சைக்கிள்காரர் நம்மைச் சுற்றிப் போக ஏற்கெனவே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். நாம் நகர்ந்தால்தான் ஆபத்து. இரண்டாவது, ரோட்டில் இறங்கும்போது முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். ஊரில் கிட்ட இருக்கும் கார் வலது பக்கத்தில் இருந்து வரும், இங்கே இடது பக்கத்தில் இருந்து வரும். அப்பா கட்டோட மறுபடி நடக்க ஆரம்பிச்சப்போ பக்கத்துல நின்னு கவனிச்சேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலை முதல்ல வலது பக்கம்தான் திரும்புது. வாயால "இடது, இடது"ன்னு சொல்லிக்கிட்டே வலது பக்கம் பார்க்கிறார். அவ்வளவு ஆழமான பழக்கம் அது.

நான் இப்போ என்ன பண்றேன்னா, கிராஸிங்குக்கு அம்பது மீட்டர் முன்னாடியே மிதிக்கிறதை நிறுத்திடுவேன். முன்னாடி ஆள் இருந்தா ஒரு தடவை மணி. அவர் திரும்பிப் பார்த்தாரா, கை தூக்கினாரா, ஏதாவது ஒரு அடையாளம் வந்தா முந்துவேன். ரோட்டுக்குக் கடைசி இருபது மீட்டர்ல யாரையுமே முந்துறதில்லை, பின்னாடியே மெதுவா போறேன். என் ஆபீஸ் பயணத்துல அஞ்சு கிராஸிங் இருக்கு. நேரம் எடுத்துப் பார்த்தேன், மொத்தம் ரெண்டு நிமிஷம்கூடக் கூடலை.

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "காதுல இயர்பட்ஸ் போட்டு நடக்கிறவங்களை என்ன பண்றது? மணியும் கேட்காது, குரலும் கேட்காது." அவங்க மேல எனக்கும் கோபம் வரும், மறைக்க மாட்டேன். ஆனா நடக்கிறவர் நமக்குக் காது கொடுக்கணும்னு எங்கயும் எழுதலை. இங்க ரெண்டு காதுலயும் இயர்போன் போடக் கூடாதுன்னு சட்டம் சொல்றது சைக்கிள் ஓட்டுற நம்மளைத்தான். பதில் வரலைன்னா அவர் கேட்கலைன்னு எடுத்துக்கங்க. நடக்கிற வேகத்துக்கு வாங்க, எதிர்ல யாரும் இல்லாத நேரமாப் பார்த்து, ஒரு கை நீளத்துக்கு மேல இடைவெளி விட்டுத் தாண்டுங்க. கிராஸிங் பக்கத்துல இருந்தா தாண்டவே வேண்டாம். அங்க அவரும் நிக்கத்தான் போறார்.

அடுத்த எபிசோட்ல முன் விளக்கு பத்திப் பேசலாம். எதிர்ல வர்றவர் கண்ணைக் கூசாம எந்தக் கோணத்துல மாட்டணும்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அப்பா நவம்பர்லயே ஊருக்குத் திரும்பிட்டார், கை நல்லா இருக்கு.